நாளைக்கு வரும்

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. போன வருடம், பட்டப்பகலில், மூன்று நாற்பதுக்கு நடந்தது இது.

நான் நாளிதழ் ஒன்றில் செய்தி ஆசிரியன். பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றில் நடந்த கொடுமைகளை நாங்கள்தான் முதலில் வெளியிட்டோம். ஊரே கொதித்தது. 'உங்களுக்கும் நேர்ந்ததா? அழையுங்கள்' என்று ஒரு எண்ணைப் போட்டோம். அதற்கென்றே தனித் தொலைபேசி. முதல் வாரம் ஓயாமல் அடித்தது. செய்தி முதல் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கம், பிறகு ஏழாம் பக்கம்... நான்கே மாதத்தில் ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆகிவிட்டது.

ஒருத்தி மட்டும் தினமும் கூப்பிட்டாள். அந்த விடுதியில் வளர்ந்தவள்.

"அண்ணா, செய்தி நின்னுட்டா கேஸும் நின்னுடும். நாளைக்கு வருமா?"

"வரும்மா."

நான் போடவே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. தொல்லை தாங்காமல் ஒரு நாள் அந்த இணைப்பையே துண்டிக்கச் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து, பழைய பிரதி ஒன்றைத் தேடிக் கிடங்கு அறைக்குப் போனேன்.

ட்ரிங்... ட்ரிங்...

நின்றது. மறுபடி இரண்டு முறை. மேல்தட்டில் அதே தொலைபேசி. ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள்.

எடுத்தேன்.

"அண்ணா..."

அதே குரல். பின்னால் பிள்ளைகள் வரிசையாக எண் சொல்லும் சத்தம். ஒண்ணு... ரெண்டு... மூணு... விடுதியில் தினமும் தலை எண்ணுவார்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அந்தக் கட்டடத்தை இடித்தே அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

"நாளைக்கு வருமா?"

பழக்கதோஷம்... "வரும்மா" என்றேன்.

"வந்துடுச்சேண்ணா. ஒன்பதாம் பக்கம்."

அவ்வளவுதான்.

இணைப்பைத் துண்டித்த நாளிலிருந்து ஒன்பதாம் பக்கங்களைப் புரட்டினேன். மூன்றாவது இதழில் இருந்தது. 'ரயிலில் அடிபட்டு இளம்பெண் பலி.' மூன்றே வரி.

நிருபர் எழுதித் தந்தது நான்கு வரி. மூலப் பிரதி இன்னும் கோப்பில் இருக்கிறது. இடம் போதாவிட்டால் கடைசி வரியை அடிப்பது எங்கள் தொழில் வழக்கம்.

'விடுதி வழக்கின் முதல் சாட்சியான இவர், மறுநாள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவிருந்தார்.'

அதன் குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில் என் சுருக்கொப்பம்.

அந்த வரியைப் படித்த ஞாபகமே எனக்கு இல்லை.