அத்தையின் காதுக்கு எட்டாத பதில்

அத்தையின் போன் பேசுகிற வேகத்தில் எங்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலை அவர் அப்படி ஓடவிட்டிருந்தார். மைசூர் வீட்டுச் சமையலறையில், ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு நிற்பார். என் அப்பாவின் தங்கை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். படித்துச் சொல்லட்டுமா என்று யாராவது நெருங்கினால், "எனக்கு வந்தத நானே படிச்சுக்கறேன், உம்பட சோலியப் பாரு" என்று விரட்டிவிடுவார். ஒட்டுக்கேட்கக்கூட வழியில்லையே என்று கேலி செய்வோம். அந்த வீம்பு எனக்குப் பிடிக்கும்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் நடத்திவந்த எஸ்.டி.டி. பூத்தின் பிழைப்பில் கைப்பேசி மண்ணைப் போட்டது. பிறகு, மாற்றுத்திறனாளிகளுக்குப் பால் பூத் ஒதுக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டார். அது கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடக்கவே, தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டார். மனு என்ன ஆயிற்று, பதிலை என் போன் வாசிக்கிற மாதிரி மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்று கன்னடத்தில் தானே போனிடம் சொல்லி எழுதவைத்து அனுப்பினார்.

பதில் வந்தது. போனோ 'காலிப் பக்கம்' என்றது. எத்தனை முறை திறந்தாலும் அதே காலிப் பக்கம். அவமானத்தில் வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தசரா விடுமுறைக்கு நான் பெங்களூரிலிருந்து வந்தபோதுதான் பொருமித் தீர்த்தார். "கண்ணு தெரியாதவதானேன்னு வெத்துக் காயிதத்த அனுப்பி நையாண்டி பண்றானுக கண்ணு." போனை வாங்கிப் பார்த்தேன். பக்கம் நிறைய எழுத்து. பூத் ஒதுக்கியாயிற்று, சான்றுகளோடு நேரில் வரவும் என்றிருந்தது. வரச்சொன்ன கெடு எப்போதோ முடிந்திருந்தது.

மறுவாரமே இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் நல்ல மனிதர், அதுதான் கொடுமை. அத்தைக்கு நாற்காலி போட்டுவிட்டுக் கன்னடத்தில் விளக்கினார். கணினியில் அடித்ததை அப்படியே அனுப்பினால் மரியாதையாக இருக்காதாம். அச்செடுத்து, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, படம்பிடித்து அனுப்பினாராம். படத்தில் உள்ள எழுத்தை அத்தையின் போனுக்கு வாசிக்கத் தெரியாது. முத்திரையே இல்லாமல் கணினியில் அடித்ததை அனுப்பியிருந்தால் அத்தை அன்றைக்கே காதால் கேட்டிருப்பார். பூத் அடுத்தவருக்குப் போயிருந்தது. அவருக்கு ஒரு கால் இல்லை என்றார்கள். யாரைக் கோபிப்பது?

படியிறங்கும்போது அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாவம், அந்த மனுசன அன்னைக்கு உங்கிட்ட வாய்க்கு வந்தபடி வஞ்சுபோட்டனே" என்றார்.

இப்போதெல்லாம் அரசுக் கடிதம் எது வந்தாலும் அத்தை போனைக் காதுக்குக் கொண்டுபோவதில்லை. அது வாசிக்குமா வாசிக்காதா என்று பார்ப்பதுகூட இல்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் நீட்டிவிடுகிறார். பூத் போனது எனக்கு ஆறிவிட்டது. போன தீபாவளிக்கு என்னிடம் போனை நீட்டி, "என்னன்னு பாத்துச் சொல்லு சாமி" என்று அத்தை தணிந்த குரலில் கேட்டதுதான் இன்னும் ஆறவில்லை.