மாப்பிள்ளையின் தாடைக்குக் கீழே நீலம்

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசிக் கொடுக்கும் தொழிலில் ஒரே ஒரு நிம்மதி, படத்தில் இருப்பவர் வாய் திறக்க மாட்டார் என்பதுதான். அவருக்கும் சேர்த்து, படத்தை வாங்க வருகிறவர் திறப்பார். ஜாக்கெட் தைத்துக் கொடுத்துவிட்டு "கை இறுக்குது" என்று ஏச்சு வாங்கும் சகோதரிகளே, கேக் சுட்டுக் கொடுத்துவிட்டு "போன தடவை மாதிரி இல்ல" என்று கேட்டுக்கொள்கிறவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். எனக்குக் கோபமில்லை.

என் வீட்டுக்காரர் ரெம்பியாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, ஆபீஸ் கணக்கு எழுதுகிறவர். காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் சுடுகிற அவசரகாலம் மலாயாவுக்கு வந்து, ஒரு நாள் ஆபீஸ் சுவரில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்ததும், ஸ்டாஃப் குடும்பங்கள் டவுனுக்குப் போகட்டும் என்று வெள்ளைக்கார மேனேஜர் துரை சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் தோட்டத்து முள்கம்பிக்கு உள்ளே. நான் அலோர் காஜாவில் ஒரு வாடகை வீட்டுக்கு உள்ளே. ஒரே மகள் சிங்கப்பூரில் நர்ஸ் படிப்பு. ஒற்றை ஆளுக்கு எவ்வளவு நேரம்தான் சமைப்பது? தெருக்கோடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சாமி, "அக்கா, கான்வென்ட்ல படம் வரைஞ்சவங்களாமே, கலர் பூசித் தர்றீங்களா?" என்று கேட்டபோது, அவன் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன். வண்ணம் சின்னச் சின்ன ட்யூப்பில் வரும். ஈர்க்குச்சி முனையில் பஞ்சு சுற்றித் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். வேலை எனக்குப் பெரிதில்லை. அந்த வேலை இருக்கிறவரைக்கும் என் கதவை யாராவது தட்டுவார்கள், அதுதான் பெரிது.

தாடையில் நீலம்

கான்வென்டில் எங்கள் டிராயிங் வகுப்புச் சுவரில், பிரெஞ்சு நாட்டுச் சிஸ்டர் ஒருவர் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய படங்கள் இருந்தன. இம்ப்ரஷனிஸ்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். அறையை விட்டு வெளியே வந்து, வெயிலில் நின்று வரைந்தவர்கள். பெட்டியில் இருந்த கறுப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, நிழல் என்பது நீலம், ஊதா, சில இடத்தில் பச்சை என்று சொன்னவர்கள். கிட்டப் போனால் வெறும் திட்டுத் திட்டாக இருக்கும். தள்ளி நின்றால் தண்ணீர் ஓடும், வெயில் அடிக்கும். அவர்களைப் பார்த்து ஊரே சிரித்ததாம். நான் சிரிக்கவில்லை. மத்தியான வேளையில் வெள்ளைச் சுவரின் மேல் விழும் வாழையிலை நிழலை நீங்களே போய்ப் பாருங்கள், கறுப்பா என்று.

சாமி கொடுத்த முதல் படம் ஒரு கல்யாண ஜோடி. கோயிலுக்கு வெளியே, மரத்தடியில் எடுத்தது. மாப்பிள்ளையின் தாடைக்குக் கீழே நீலத்தில் துளி ஊதா கலந்து வைத்தேன். காதோரம் இலையின் பச்சை. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால், பையன் இப்போதுதான் வெயிலிலிருந்து வந்து நின்றவன் போல இருந்தான். மாப்பிள்ளையின் அப்பா வீடு தேடி வந்துவிட்டார். படத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். அவர் இன்னும் கிட்டக் கொண்டு போனார்.

"ஏம்மா, தாலி கட்டுறதுக்கு முன்னாடி யாராச்சும் எம்புள்ளைய மூஞ்சியில குத்துனாங்களா?"

என்ன நேரத்தில் எடுத்தது?

அந்தப் பிரெஞ்சுக்காரர்களில் ஒருவர் ஒரே வைக்கோற்போரைக் காலையில் ஒரு தரம், உச்சியில் ஒரு தரம், அந்தியில் ஒரு தரம் என்று வரைந்துகொண்டே இருந்தாராம். வைக்கோல் மாறாது, வெளிச்சம் மாறும். சரியான பேச்சு. அதனால் நானும் கேட்க ஆரம்பித்தேன். பத்து பெரண்டாம் என்ற ஊரிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் பிள்ளையின் காதுகுத்துப் படத்தைக் கொண்டுவந்தார்கள். "இது காலையில எடுத்ததா, சாயந்திரமா?" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. புருஷனைப் பார்த்தாள். இரண்டு பேரும் வாசல் பக்கம் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். எதையோ விரல் விட்டு எண்ணினார்கள். திரும்பி வந்து, எனக்குத் தைரியம் சொல்கிற குரலில் அவர் சொன்னார்:

"பயப்படாதீங்கம்மா. ராகு காலம் கழிச்சுத்தான் எடுத்தோம்."

வெள்ளைச் சட்டை

அஞ்சலை என்ற பெண் வந்தாள். ரப்பர் பால் ஏற்றும் லாரியில் போன புருஷனைக் காட்டு வளைவில் சுட்டுவிட்டார்கள். அவருடைய படம் என்று உலகத்தில் இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்தது ஒன்றுதான். சாமி அதைப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தான். மாநிறம் என்றாள். வெள்ளைச் சட்டை என்றாள்.

வெள்ளைக்குள்தான் எல்லா நிறமும் ஒளிந்திருக்கிறது. பனியை வரைந்த அந்த மனிதர்கள் அதில் மஞ்சளையும் இளஞ்சிவப்பையும் நீலத்தையும் வைத்தார்கள். பனி அப்போதுதான் பளிச்சென்றது. நான் அந்தச் சட்டையில் அத்தனையையும் வைத்தேன். இதுவரை பூசியதில் அதுதான் நல்லது என்று இன்றைக்கும் சொல்வேன். அஞ்சலை நின்றுகொண்டே பார்த்தாள். சேலைத் தலைப்பால் அந்தச் சட்டைமேல் மெதுவாக ஒரு தரம் துடைத்தாள். அப்புறம்தான் பேசினாள்.

"சட்டை அழுக்கா இருக்குங்கம்மா. ஒரு நாள்கூட நான் அவர அழுக்குச் சட்டையோட அனுப்புனதில்ல."

சாமி போட்ட சட்டம்

அவள் பார்க்கப் பார்க்கவே சட்டையை வெள்ளையாக்கிக் கொடுத்தேன். ஆனாலும் விஷயம் சாமி காதுக்குப் போய்விட்டது. வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றான். மனிதன் நின்றுகொண்டு பேசினால் நல்ல சேதி இல்லை.

"அக்கா, தோலு தோல் கலர்ல, புல்லு பச்சையா, வெள்ளை வெள்ளையா. இன்னும் ஒருத்தங்க கடையில வந்து சத்தம் போட்டா, நான் மலாக்காவுல வேற ஆளு பாத்துக்குவேன் லா."

விடுவேனா? பிஸ்கட் டின்னை எடுத்து மூடியைக் காட்டினேன். பூத்த தோட்டம், குடை பிடித்த பெண்கள், எல்லாம் திட்டுத் திட்டாக, வெயில் வெயிலாக. "இந்த மாதிரி வரைஞ்சவங்களப் பாத்துத்தான் ஊரே சிரிச்சது. இன்னிக்கு அலோர் காஜாவுல பிஸ்கட் விக்கிறவன்கூட அவங்க வழிலதான் படம் போடுறான், பாரு!" சாமி மூடியைப் பார்த்தான். திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டான்.

"டின்னு மூடி சரியில்லன்னு எவன் வந்து சண்டை போடுறான்? மாப்பிள்ளையோட அப்பன் போடுறாரே!"

தள்ளி நின்றவர்

அந்த வாரம் என் வீட்டுக்காரர் வந்தார். ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் காவலுக்கு வரும் லாரியில்தான் வர முடியும். வருவார், சாப்பிடுவார், நாற்காலியிலேயே தூங்குவார், ஊரடங்குக்கு முன்னால் கிளம்புவார். சாமி சொன்னதைச் சொன்னேன். "விட்டுத் தள்ளு, உனக்கென்ன தலையெழுத்தா?" என்றார். சாப்பாடு போடும் மனிதர் கேட்கக்கூடிய கேள்விதான். எனக்கு இது இல்லாவிட்டால் யார் வருவார்கள் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? கையில் இருந்த படத்தை ஜன்னலோரம் வைத்து, "எட்டி நின்னு பாருங்க, அப்பத்தான் தெரியும்" என்றேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"மாசம் பூரா எட்டித்தானே நிக்கிறேன், இன்னும் எங்க போய் நிக்கச் சொல்ற?"

லாரி ஹாரன் அடித்தது. படத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

குறை இல்லாத காலம்

அதன்பிறகு சாமி சொன்னபடியே பூசினேன். கன்னத்துக்கு ரோஸ், புல்லுக்குப் பச்சை, நகைக்கு மஞ்சள், நிழல் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. பாசாரில் அடுக்கி வைத்த ஜாங்கிரி மாதிரி மனிதர்கள். எல்லாருக்கும் பரம திருப்தி. திருப்தியானவர்கள் கடையிலேயே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். என் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. குறை சொல்லத்தான் மனிதர்கள் என் வீட்டைத் தேடி வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிரெஞ்சுக்காரர்களாவது கூட்டமாக ஏச்சு வாங்கினார்கள். சாயந்திரம் ஒரு காப்பிக்கடையில் கூடி உட்கார்ந்து, ஏசியவர்களைத் திருப்பி ஏசியிருப்பார்கள். நான் ரேடியோவை ஏசிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாமியே படக்கட்டைக் கொடுக்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னான்:

"இப்பத்தான் அக்கா தொல்லை இல்லாம இருக்கீங்க!"

சேலையில் வெயில்

அந்தக் கட்டுக்குள், தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவரின் பெண்சாதி படம் இருந்தது. அரக்குச் சேலை, லயத்து வீடுகளுக்கு முன்னால் அந்தி வெயில். என் கை நிற்கவில்லை. கொசுவ மடிப்பு ஒவ்வொன்றிலும் ஆரஞ்சும், பள்ளத்தில் மயில் நீலமும் வைத்தேன். அனுப்பிவிட்டுத்தான் சாமி போட்ட சட்டம் ஞாபகம் வந்தது. இவள் கடையில் கத்தினால் என் வேலை போயிற்று.

அவள், புருஷன் கடையிலிருந்து வாங்கிவந்த படத்தோடு ரெம்பியா பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே என் வாசலில் குடையை மடக்கினாள். "கிராணி வீடு இதானே? எஞ்சீலையில என்னாங்கக்கா இது, தீப்புடிச்ச மாதிரி?"

"சாயங்கால வெயில்."

"வெயில நான் கேட்டேனா?"

"கடைக்குப் போனீங்களா?" என்றேன்.

"அவன் எதுக்கு? பூசுனது நீங்க, உங்களத்தான கேக்கணும்!"

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். காப்பி போட்டேன். தோட்டத்து கேட்டில், காட்டுக்காரர்களுக்குச் சோறு போகிறதா என்று சட்டியைக் கிளறிப் பார்க்கும் காவல்காரனை ஏசினாள். மாமியாரை ஏசினாள். என்னையும் இடையிடையே ஏசினாள். நான் துரையை ஏசினேன். நாற்காலியில் இருந்தபடியே, அலமாரி மேல் சாய்த்து வைத்த தன் படத்தை எட்ட இருந்து ஒரு தரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டாள். ஊரடங்குக்கு முன் கடைசி பஸ்ஸுக்குப் போகும்போது, படத்தை என் கையில் திணித்தாள்.

"மாத்தி வைங்கக்கா, அடுத்த வாரம் வருவேன். சரியில்லன்னா அதுக்கடுத்த வாரமும் வருவேன், சும்மா விடமாட்டேன் லா!"

ஆகவே சகோதரிகளே, அந்தச் சேலை அவ்வளவு சீக்கிரம் சரியாகிவிடாதபடி, என் கான்வென்ட் படிப்பு முழுவதையும் உபயோகித்து மிகக் கவனமாகப் பூசிக்கொண்டிருக்கிறேன்.