தேசப்பன் கையில் மட்டும் நின்ற வாட்சு

முப்பத்தேழு வருஷம் ராயபுரத்தில் ஒரே கடையில் வாட்சு ரிப்பேர் பார்த்தேன். கெட்டுப்போன வாட்சால் எனக்குத் தூக்கம் போனதில்லை. ஏதாவது தேய்ந்திருக்கும், ஏதாவது உடைந்திருக்கும், லூப் என்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தால் தெரிந்துவிடும். என் தூக்கத்தைக் கெடுத்தது, ஒரு கெடுதலும் இல்லாமல் நின்றுபோன ஒரே ஒரு வாட்சு. இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன். அதில் என் முட்டாள்தனமும் உண்டு. மறைக்கப்போவதில்லை.

1. சாவி இல்லாத வாட்சு

ஐம்பதுகளின் நடுவில் ஒருநாள் பிராட்வேயில் இருந்த வாட்சுக் கம்பெனியின் ஏஜெண்டு ஒரு வாட்சைக் கொண்டுவந்து எங்கள் கடைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். ஆட்டோமேட்டிக். அந்தக் காலத்தில் ஆட்டோமேட்டிக் என்றால் கப்பல் கேப்டன்களும் பெரிய ஆபீசர்களும் கட்டுவது. கை ஆடினால் போதும், உள்ளே இருக்கும் எடைக்கட்டி ஆடித் தானே சாவி ஏற்றிக்கொள்ளும். இந்த வாட்சின் விசேஷம் அதன் விலை. துறைமுகத்தில் வேலை செய்கிறவரும் மனசு வைத்தால் வாங்கலாம்.

இன்னொரு விசேஷம் அதன் தோற்றம். பக்கவாட்டில் சாவித் திருகாணி கிடையாது. முள் கிடையாது. மேலே ஒரு சின்ன ஜன்னலில் மணி, கீழே ஒரு ஜன்னலில் நிமிஷம், இரண்டும் எண்ணாகவே வந்து நிற்கும். நேரம் திருத்த வேண்டுமென்றால் பின்பக்கம் இருக்கும் சின்ன வட்டத்தை விரலால் தள்ள வேண்டும். எடைக்கட்டி முழு வட்டம் சுற்றாமல் இருபுறமும் ஸ்பிரிங்கில் மோதித் திரும்பும். கட்டியவருக்கு மணிக்கட்டில் யாரோ லேசாகத் தட்டுவதுபோல் இருக்கும்.

கடை முதலாளி ஞானமுத்து அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் காலூன்றியவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாட்சு மாதிரியே இல்லையே வே. ஸ்டேஷன்ல எடை பாக்குற மெஷின் மாதிரில்லா இருக்கு."

"உள்ளே மெஷின் சுத்தமாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

"உள்ள இருக்கதை யாரு பாக்கா? மூணு வாரம் வச்சுப் பாரும். உம்ம சீட்டுல நல்லதுன்னு எழுதித் தந்தா எடுப்போம். இல்லேன்னா திருப்பி அனுப்பிருவோம்."

எங்கள் கடை வழக்கம் அது. புது மாடல் எது வந்தாலும் நான் சோதித்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கறாரான ஆள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

2. மூன்று கைகள்

ஆட்டோமேட்டிக்கை மேஜையில் வைத்துச் சோதித்தால் பாதிதான் தெரியும். கையில் கட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாரம் என்று முடிவு செய்தேன்.

முதல் வாரம் நானே கட்டினேன். ரேடியோ மணியோடு ஒப்பிட்டால் ஒரு நிமிஷம் முந்தியது. குறை சொல்ல முடியாது.

இரண்டாம் வாரம் கடற்கரையில் மீன் ஏலம் விடும் ரோசம்மாளிடம் கொடுத்தேன். ஏலம் விடும்போது அந்த அம்மாளின் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. தண்ணீர், உப்பு, செதில் எல்லாம் பட்டும் வாட்சு அரை நிமிஷம்கூடப் பிசகவில்லை.

"இன்னா நைனா, முள்ளு இல்லாத வாச்சு கொண்டாந்துகிறே, எனுக்கு மணி பாக்கத் தெரியாதேன்னு பயந்தேன். இதுல நம்பராவே வருது. நம்பரு எனுக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு, திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் கொடுத்தாள்.

மூன்றாவது, தேசப்பன். துறைமுகத்தில் கிரேன் டிரைவர். என் வயதுதான். ஒரே சந்தில் எதிரெதிர் வீடு. ஞாயிற்றுக்கிழமை கேரம் விளையாட உட்கார்ந்தால் அவனை எழுப்ப முடியாது. நாலைந்து மாதமாகத்தான் கேரமுக்கு வருவதில்லை. வீட்டில் மூன்று பெண் குழந்தைகள், ஓவர்டைம் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வாட்சைப் பார்த்ததும் அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "இன்னா மாமு, ஜன்னல் வச்ச வூடு மாதிரி கீது" என்று சிரித்து, வலது கையால் இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு போனான். அது திங்கட்கிழமை காலை.

செவ்வாய் சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்றான். "மாமு, நின்னு பூட்ச்சு."

3. காந்தம் என்று நினைத்த கதை

திறந்து பார்த்தேன். எண்ணெய் சரி, மெயின் ஸ்பிரிங் சரி, பேலன்ஸ் சக்கரம் துள்ளிக்கொண்டு ஆடியது. என் கையில் ஒருநாள் கட்டினேன், ஜம்மென்று ஓடியது. தேசப்பனிடம் திருப்பிக் கொடுத்தேன். மறுபடியும் நின்றது. மூன்றாம் முறையும் அப்படியே. அதற்குள் நாலாவது வாரமும் வந்துவிட்டது. ஏஜெண்டு அந்தச் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

கிரேன் கூண்டில் பெரிய மின்சார மோட்டார் இருக்கும், வாட்சில் காந்தம் ஏறியிருக்கும் என்று முடிவு கட்டினேன். அண்ணாச்சியிடம் அரை மணி நேரம் காந்தத்தைப் பற்றிப் பிரசங்கமே செய்தேன். பிறகு திசைகாட்டியை வாட்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊசி அசையவே இல்லை. என் பிரசங்கம் காற்றோடு போயிற்று. வாட்சை மறுபடியும் தேசப்பனிடமே கட்டக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை துறைமுக ஆபீஸ் சுவர்க் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்கும் முறை. எனக்கு அதற்கென்று கேட் பாஸ் உண்டு. வேலையை முடித்துவிட்டு, கூண்டில் என்னதான் நடக்கிறது என்று பார்க்கக் கப்பல் நிற்கும் இடத்துக்கே நடந்தேன்.

கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் தேசப்பன் நன்றாகத் தெரிந்தான். கிரேனுக்கு இரண்டு லீவர். ஒன்று சரக்கைத் தூக்க, ஒன்று கிரேனைத் திருப்ப. டிரைவர்கள் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் ஓட்டுவார்கள். தேசப்பன் வலது கையால் ஒரு லீவரைத் தள்ளினான், அதை விட்டான், அதே கையால் மற்றதைப் பிடித்தான். இடது கை மடியில் கிடந்தது. அரை மணி நேரம் நின்றேன். அந்தக் கை ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.

வாட்சு ஏன் நின்றது என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததில் எனக்குச் சந்தோஷமே இல்லை.

சாப்பாட்டு வேளைக்கு இறங்கினான். ஏணியில் வலது கை மட்டும்தான் பிடித்தது. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போய், வலது கையால் இடது கையை எடுத்து ஜேபிக்குள் செருகிக்கொண்டான்.

"கை எத்தனை நாளா இப்படி?" என்றேன்.

"நாலஞ்சு மாசம் ஆவுது. மழைல ஏணி வழுக்கி தோள்பட்டை அடிபட்ச்சு. அப்பால கொஞ்சம் கொஞ்சமா சத்தே போய்ட்ச்சு. அத்த எடுத்து நான்தான் வைக்கணும்." பிறகு மெதுவாகச் சொன்னான்: "யார்கிட்டயும் சொல்லிடாத மாமு. தெரிஞ்சா கிரேன்லேந்து எறக்கி வூட்டுக்கு அனுப்பிடுவானுங்கோ. மூணு பொண்ணுங்கள வச்சிகினு நான் எங்க போவேன்?"

"அப்புறம் எதுக்குடா அந்த வாட்சை வாங்கிக் கட்டினே?"

"வாணாம்னா நீ ஏன்னு கேப்பே. அத்தோட, ஆசையா இருந்துச்சு. டெய்லி வலது கையால உலுக்கி வுட்டேன். பத்தல போல."

எனக்குக் கோபம் வந்தது. "மூட்டை தூக்கும்போது கீழே எட்டு பேர் நிக்கிறாங்க தேசப்பா."

அவன் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும். தெனம் அத்த நெனச்சிகினுதான் லீவர புடிக்கிறேன்."

நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவனாகவே டாக்டரிடம் போக வேண்டும் என்றும் கெஞ்சினேன்.

4. சனிக்கிழமை

ஏஜெண்டு சரியாகப் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார். நான் சீட்டை நீட்டினேன். அண்ணாச்சி சத்தமாகப் படித்தார்: "இருவர் கையில் நன்றாக ஓடியது. ஒருவர் கையில் நின்றது. காரணம் வாட்சில் இல்லை."

"வாட்சுல இல்லேன்னா பின்ன எங்க வே இருக்கு?"

நான் மேஜைமேல் கிடந்த லூப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"மூணு பேர்ல ஒருத்தன் கையில நின்னா, விக்கதுல மூணுல ஒண்ணு திரும்பி வரும்லா? இத்தனை வருஷமா உம்ம சீட்டை நம்பித்தான் கடை நடத்துதேன். இப்படி மொட்டையா ஒருநாளும் எழுதினதில்லையே. காரணத்தைச் சொல்லும், இல்லேன்னா இந்த வாட்சு வேண்டாம்னு சொல்லி அனுப்பிருதேன்."

"சொல்ல முடியாது அண்ணாச்சி."

"சொல்ல முடியாதுன்னா? வாட்சு புரியலன்னு ஒத்துக்கிடும். ஏஜெண்டு முன்னால எதுக்கு வே என்னைக் கேனையனாக்குதீரு?"

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. காது சூடேறியது. நல்ல வாட்சைக் கெட்டதென்று எழுத எனக்குக் கை வராது. உண்மையைச் சொன்னால் தேசப்பன் குடும்பம் தெருவில் நிற்கும்.

"அவர ஏன் திட்றீங்கோ அண்ணாச்சி?"

தேசப்பன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. உள்ளே வந்தான். வலது கையால் இடது கையைத் தூக்கி நெஞ்சுயரத்துக்குக் கொண்டுவந்து விட்டான். அது தொப்பென்று கண்ணாடி மேஜைமேல் விழுந்தது. வாட்சு அந்தக் கையில்தான் இருந்தது.

"வாச்சு நல்ல வாச்சு. என் கைதான் ஆடல. மாமுக்குத் தெரியும். நான் சொல்லாதன்னு கேட்டுகினேன், அத்தான் அவரு வாய மூடிகினு கீறாரு."

கடையில் இருந்த அத்தனை கடிகாரமும் ஓடும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி அந்தக் கையையே பார்த்தார். பிறகு தன் கையை அதன்மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கினார்.

"உணர்வு இருக்கா வே?"

"சுண்டு விரல்ல மட்டும் கொஞ்சம் கீது."

"சாப்பிட்டீரா?"

"இல்ல."

அண்ணாச்சி ஏஜெண்டைப் பார்த்து, "திங்கக்கிழமை வாங்க, வாட்சை எடுத்துக்கிடுதோம்" என்றார். என்னைப் பார்த்து, "கதவைச் சாத்தும்" என்றார். சனிக்கிழமை பட்டப்பகலில் எங்கள் கடையைப் பூட்டியது அந்த ஒருநாள்தான். தேசப்பனுக்கு நாஸ்டா வாங்கிக்கொடுத்து, ரிக்‌ஷாவில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நான் சைக்கிளில் பின்னால் போனேன். போகும் வழியெல்லாம் அழுதேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதேன்.

5. பிறகு

கை பாதிதான் திரும்பியது. கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்ப இருந்தவர்களிடம், கீழே நின்று மூட்டை பிடித்த அந்த எட்டுப் பேரும்தான் போய்ப் பேசினார்கள். கப்பலின் ஓரத்தில் நின்று டிரைவருக்குக் கை காட்டும் சிக்னல் ஆள் வேலை காலியாக இருந்தது. அதற்கு ஒரு கை போதும். மேலேயிருந்து பார்த்துப் பழகியவன் கீழே நின்றால் தங்களுக்குத்தான் நல்லது என்று அவர்கள் சொன்னார்களாம். சம்பளம் குறைவுதான். ஆனால் வேலை நிலைத்தது.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அதற்குப் பிறகு எந்த ஆட்டோமேட்டிக் நின்றுபோய் வந்தாலும், லூப்பை எடுக்கும் முன் கட்டியவரை உட்காரவைத்து, என்ன வேலை, எந்தக் கை, உடம்பு எப்படி என்று விசாரித்தேன். மூன்று தடவை வாட்சைத் திறந்த நான், எதிர் வீட்டில் இருந்தவனை ஒரு தடவை உற்றுப் பார்க்கவில்லை. கேரமுக்கு ஏன் வரவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த மாடல் எங்கள் பக்கத்தில் நன்றாகவே விற்றது. முதலில் வாங்கியவன் தேசப்பன். வலது கையில் கட்டினான். நாள் முழுக்க மேலே, கீழே, நிறுத்து என்று காட்டுகிற கை. வாட்சு நிற்கவே இல்லை. ஆனால் வலது மணிக்கட்டில் தோல் ஸ்ட்ராப்பைப் போட இடது விரல்களுக்குத் தெம்பு போதவில்லை. அதனால் தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் கடைக்கு வந்து வலது கையை நீட்டுவான். நான் கட்டிவிடுவேன்.

சில மாதம் கழித்து, தானே விரிந்து கொடுக்கும் ஸ்டீல் செயின் கடைக்கு வந்தது. அதை எடுத்துக்காட்டி, "இதைப் போட்டுடறேன், யார் தயவும் வேணாம்" என்றேன்.

அவன் செயினைத் தொடவேயில்லை. கையை நீட்டியபடியே, "வாணாம் மாமு. தோலே இருக்கட்டும். இது இருந்தாத்தான் டெய்லி நீ என் மூஞ்சிய பாப்பே" என்றான்.