எதிர்ச்சுவர் முகப்புரை

செஞ்சியில் நான் சமூக அறிவியல் நடத்தும் அரசுப் பள்ளியின் மதில் சுவரில் ஒரு சாண் இடம்கூடக் காலி கிடையாது. கொசு ஒழிப்பு, கை கழுவும் முறை, மழைநீர் சேகரிப்பு, மாணவர் சேர்க்கை என்று ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியதில், எந்த வாசகம் எங்கே முடிகிறது என்று எழுதியவருக்கே தெரியாது. ‘தேங்கிய நீரில் உங்கள் குழந்தைகளைச் சேர்ப்பீர்’ என்று ஒரு பையன் சத்தமாகப் படித்துக்கொண்டு போனதை நானே கேட்டிருக்கிறேன்.

அந்த நவம்பரில், அரசியலமைப்பு தினத்துக்குள் முகப்புரையைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதிவைக்க வேண்டும் என்று எங்கள் தலைமையாசிரியை முடிவு செய்தார். எந்தச் சுவரில் என்பதை முடிவு செய்யவில்லை. “உங்க சப்ஜெக்ட்தானே டீச்சர்” என்று சொல்லிவிட்டு வேறு ஃபைலைத் திறந்துகொண்டார்.

பள்ளி கேட்டுக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு மணிலா குடோன், வேர்க்கடலை மூட்டைகள் அடுக்குகிற இடம். பஜாரில் கடை வைத்திருக்கும் ஒரு மண்டிக்காரருடையது. தெரு நெடுக நீளும் அதன் பக்கச் சுவருக்கு அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அந்த மண்டிக்காரரிடம் போய்க் கேட்க ஊரில் பலருக்கும் பயம். கோபக்காரர் இல்லை, விவாதக்காரர். குடோன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கோட்டைக்கு வழி கேட்டு வருகிற சுற்றுலாக்காரர்களை நிறுத்தி, அந்தக் கோட்டை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஆரம்பித்துவிடுவார். அவர் முடிக்கும்போது மலையேறும் நேரம் முடிந்திருக்கும்.

தனியாகப் போகத் தைரியம் இல்லாமல் எங்கள் சத்துணவு அமைப்பாளரைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா ஐந்தாவது முறையாகக் குரூப் டூ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். அரிசி டிரம்மின் மேல் எப்போதும் ஒரு வினா-விடைப் புத்தகம் கிடக்கும். சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்டால்கூட எத்தனையாவது ஷரத்து என்று சொல்வாரோ என்று எங்களுக்குள் ஒரு கேலி உண்டு.

நான் விஷயத்தைச் சொன்னேன். மண்டிக்காரர் நிதானமாகக் கேட்டுவிட்டு, சுவர் தன் சொத்து, சொத்து தன் அடிப்படை உரிமை, தன்னைக் கேட்காமல் அதில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது என்றார். கேட்கத்தானே வந்திருக்கிறோம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அமைப்பாளர் முந்திக்கொண்டார்.

“அண்ணே, சொத்துரிமை இப்ப அடிப்படை உரிமை இல்லண்ணே. நாப்பத்தி நாலாவது திருத்தத்துல எடுத்துட்டாங்க. இப்ப அது வேற பகுதியில சாதா உரிமையா இருக்குது.”

மண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

“எப்ப எடுத்தாங்க?”

“எழுபத்தெட்டுல.”

அவர் குடோனைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு மூட்டையாக எண்ணுவதுபோல இருந்தது அந்தப் பார்வை. “இத்தினி வருஷமா எனக்கு ஒருத்தரும் சொல்லலியே” என்றார். குரலில் கோபம் இல்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வராத சொந்தக்காரரின் குரல் அது. சட்டப்படி இல்லாமல் யாரும் அவர் சொத்தை எடுத்துவிட முடியாது, பயப்பட ஒன்றுமில்லை என்று நான் விளக்கினேன். அது சரி, வேறு எதையெல்லாம் எடுத்திருக்கிறார்கள் என்றார். காரியம் கெட்டது என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டோம்.

மறுநாள் காலை அவரே பள்ளிக்கு வந்தார். கையில் காக்கி அட்டை போட்ட ஒரு பழைய புத்தகம். அவருடைய நைனா காலத்தில் வாங்கியது, அரசியலமைப்பைத் தமிழில் விளக்குவது. அதில் முகப்புரை இருக்கிறது, அதை அப்படியே எழுதுவதென்றால் சுவரைத் தருகிறேன் என்றார். புத்தகத்தில் தமிழ் கொஞ்சம் பழசு. பூரண ஆதிபத்தியம், ஜனநாயகம் என்றெல்லாம் இருந்தது. பிள்ளைகளுக்குப் புரியாது என்றேன். வார்த்தையை வேண்டுமானால் இன்றைய தமிழாக மாற்றிக்கொள்ளலாம், சொல்லுகிற விஷயம் மாறக்கூடாது என்று ஒத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து மாற்றினேன். பூரண ஆதிபத்தியம் இறையாண்மை ஆனது. ஜனநாயகம் மக்களாட்சி ஆனது. எழுதி முடித்து இரண்டு முறை படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இங்கேதான் என் வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும். இருபது வருஷமாக வகுப்பில் சொல்லிச் சொல்லி முகப்புரை எனக்கு மனப்பாடம். அதனால் நான் தாளைப் படிக்கவே இல்லை; என் மண்டைக்குள் இருந்ததைப் படித்தேன். தாளில் இல்லாத வார்த்தைகளையும் சேர்த்தே படித்துவிட்டேன்.

தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிக்கும் சுவர் எழுதுகிற ஓர் ஓவியர் வந்தார். மழைக்கு நடுவே கிடைத்த இரண்டு வெயில் நாட்களில் நீல எழுத்தில் எழுதி முடித்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. விழாவுக்கு இன்னும் இரண்டே நாள். பிள்ளைகள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மண்டிக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எழுத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். சமையலறையிலிருந்து அமைப்பாளர் கையில் கரண்டியோடு வந்து, ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தார். முடித்ததும் திரும்ப முதலிலிருந்து படித்தார்.

“டீச்சர், மூணு வார்த்தை குறையுது.”

‘சமதர்ம’ இல்லை. ‘சமயச்சார்பற்ற’ இல்லை. கீழே ஒற்றுமை இருந்தது, ‘ஒருமைப்பாடு’ இல்லை. எழுபத்தாறில் நாற்பத்திரண்டாவது திருத்தத்தில் சேர்த்த மூன்றும் இல்லை, ஏனென்றால் புத்தகம் அதற்கு முன்பே அச்சானது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தலைமையாசிரியைக்கு யார் சொன்னார்களோ, கேட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாத்திரை போட வேண்டும் என்று உள்ளே போய்விட்டார்.

வெள்ளையடித்துத் திரும்ப எழுதலாம் என்றால் மறுபடியும் மழை மூட்டம். ஓவியரோ நடுவில் ஒரு விரல் நுழையக்கூட இடம் விடாமல் எழுதியிருந்தார். அதைவிடப் பெரிய சிக்கல் மண்டிக்காரர். தன் நைனாவின் புத்தகத்தில் பிழை இருக்காது என்றார். பிழை இல்லை, பிறகு சேர்த்தார்கள் என்றேன். அதெப்படி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடித்த பத்திரத்தில் நடுவில் வார்த்தை சேர்ப்பார்கள், கிரயப் பத்திரத்தில் அப்படிச் சேர்த்தால் ரெஜிஸ்டர் ஆபீசில் விடுவார்களா என்றார். பார்லிமெண்டுக்கு அந்த அதிகாரம் உண்டு, முன்னூற்று அறுபத்தெட்டாவது ஷரத்து என்று அமைப்பாளர் கரண்டியால் காற்றில் எழுதிக் காட்டினார்.

“அப்ப யார் ஜெயிச்சு வந்தாலும் எத வேணாலும் மாத்திக்கலாமா?”

அந்தக் கேள்வியை வகுப்பில் இதுவரை ஒரு மாணவரும் என்னிடம் கேட்டதில்லை. முடியாது என்றேன். அடிப்படைக் கட்டமைப்பு என்று ஒன்று இருக்கிறது, அதில் யாரும் கைவைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கட்டடம் கட்டியவர் இல்லையா.

“அஸ்திவாரத்துல கை வெக்கக்கூடாது. மேல ரூம் போட்டுக்கலாம், ரூம இடிச்சுக்கலாம். அப்டித்தானே?”

ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

“எது அஸ்திவாரம், எது ரூம்னு லிஸ்ட் இருக்குதா?”

முழுப் பட்டியல் என்று ஒன்று இல்லை, வழக்கு வர வர நீதிமன்றம் சொல்லும் என்றேன். அவர் சிரித்தார். அந்த ஒரு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். லிஸ்ட் இல்லையென்றால் இந்த கேஸ் எந்தக் காலத்திலும் முடியாது என்றார். முடியாதுதான் என்றேன். முடியாத விவாதம் ஒன்று நாட்டிலேயே நடக்கிறது என்பதில் அவருக்கு ஒரு திருப்தி வந்த மாதிரி இருந்தது.

பிறகு புதிதாக ஒரு நிபந்தனை போட்டார். சேர்ப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பிறகு சேர்த்தது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். முதலிலேயே இருந்ததுபோலக் காட்டக்கூடாது. அமைப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. இப்போது மூன்றும் முகப்புரைதான், இதில் முன்ன வந்தது பின்ன வந்தது என்ன இருக்கிறது, கடைசியாகப் பிறந்த பிள்ளைக்குத் தனித் தட்டா என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இரண்டுமே நியாயமாகப் பட்டது. அதைச் சொன்னால் இரண்டு பேருக்கும் கோபம் வரும்.

அதுவரை பீடியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓவியர் எழுந்தார். பரீட்சைத் தாளில் விட்டுப்போன வார்த்தையை எப்படி மேலே எழுதுவோமோ, அப்படியே ஒரு கூரைக்குறி போட்டு, வரிக்கு மேலே சிவப்பில் எழுதிவிட்டார். சின்ன எழுத்துத்தான், ஆனால் சிவப்பு என்பதால் அதுதான் முதலில் கண்ணில் பட்டது. மண்டிக்காரருக்கு வித்தியாசம் தெரிந்தது. அமைப்பாளருக்குத் தன் மூன்று வார்த்தைகள்தான் எடுப்பாக இருக்கின்றன என்பது தெரிந்தது. ஆளுக்கொரு பக்கம் ஜெயித்த முகத்தோடு போனார்கள்.

விழாவுக்குக் கல்வித் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சுவருக்கு முன் நின்று, யார் இதைத் திருத்தியது என்று கேட்டார். நான் பயந்துபோய் நின்றபோது, பார்லிமெண்ட் என்றார் அமைப்பாளர். அதிகாரி சிவப்பு எழுத்துகளைக் கிட்டப் போய்ப் படித்தார். பிறகு கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்த வருஷம் நேராக எழுதிவிடுங்கள் என்றார். பிள்ளைகள் கோரஸாகப் படித்தார்கள். சிவப்பு வார்த்தை வரும் இடத்தில் பாதிப் பேர் மேலே ஏறினார்கள், பாதிப் பேர் நேராகப் போய்விட்டார்கள், ‘குடியரசு’ வந்தபோது எல்லாரும் ஒருவழியாகச் சேர்ந்துகொண்டார்கள்.

அடுத்த வருஷம் யாரும் நேராக எழுதவில்லை. அதற்கும் அடுத்த வருஷம் பஜார் பக்கத்தில் கால்வாய் தோண்டினார்கள். குடோனின் முன்வாசலுக்கு லாரி வர முடியவில்லை. பள்ளித் தெருப் பக்கம் ஒரு கதவு வைத்தே ஆக வேண்டும். கொத்தனார் வந்து அளந்து, சுவரின் நடுவில், லாரி நிற்க வசதியான இடத்தில் கரிக்கட்டையால் ஒரு செவ்வகம் போட்டிருந்தார். காலையில் பள்ளிக்கு வந்தபோது பார்த்தேன். கோடு சரியாக ‘நீதி’யில் ஆரம்பித்து, ‘சமத்துவ’த்தைத் தாண்டி, ‘சகோதரத்துவ’த்தின் பாதியில் முடிந்தது.

போய்க் கேட்க எனக்கு என்ன உரிமை? அவர் சுவர், அவர் கதவு. மூன்றாவது பீரியட்வரை வகுப்பில் என்ன நடத்தினேன் என்றே நினைவில்லை. சொத்துரிமையைப் பற்றி அன்றைக்கு அந்த அம்மா அப்படிப் பேசியிருக்க வேண்டாமே என்றுகூடத் தோன்றியது. மத்தியானம் சமையலறைப் பக்கம் போனால் அமைப்பாளர் அங்கே இல்லை. தெருவில் சுவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். இந்த முறை கரண்டியும் இல்லை, ஷரத்தும் இல்லை. மண்டிக்காரரிடம் என்னவோ தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு அவர் கொத்தனாரைக் கூப்பிட்டார்.

கதவு இப்போது சுவரின் கடைசி முனையில், டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி இருக்கிறது. லாரி பின்னுக்கு வந்து நிற்க முடியாது. சுமை தூக்குபவர்கள் ஒவ்வொரு மூட்டையையும் அந்தச் சுவர் நீளத்துக்கும் சுமந்து, கதவருகில் குனிந்து நுழைய வேண்டும். முதல் நாளே அவர்களில் ஒருவர், நடுவில் வைக்காமல் இங்கே போய் யார் வைப்பார்கள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சலித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கேட்டருகில் மண்டிக்காரரைப் பார்த்தபோது, ஏன் இடத்தை மாற்றினீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா சொன்னதால்தானே என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன்.

“நடுவுல வெச்சா வர்றவன் போறவன் மூட்டை எல்லாம் எழுத்துல இடிக்கும் டீச்சர்” என்றார். பிறகு, அமைப்பாளர் இந்த முறை தேர்வில் தேறிவிட்டாராமே, எந்த ஊரில் போஸ்டிங் என்று விசாரித்தார். திண்டிவனம் பக்கம் என்று கேள்வி, இன்னும் ஆர்டர் வரவில்லை என்றேன். அவர் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு, புதுக் கதவில் குனிந்து உள்ளே போனார். தலையை இடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. நான் கேட்காததுபோல நடந்தேன்.