தீவு நாட்டுத் தேர்தலில் நான் செய்த கள்ளவேலை

எங்கள் வார்டு மெம்பர் யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். ஆனால் சமுத்திரத்துக்கு நடுவே கடுகு சிதறின மாதிரி கிடக்கும் ஒரு தீவு நாட்டின் நிதி மந்திரி இந்த வாரம் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு ரிசார்ட்டில் சமையல்காரர். பதினோரு வருஷமாக வெள்ளைக்காரர்களுக்கு ரொட்டி சுட்டுப் போடுகிறார். எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரருக்கு அதே ரிசார்ட்டில் தோட்ட வேலை. எங்கள் தெருவில் மொத்தம் ஐந்து வீட்டு ஆம்பளைகள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் போகின்றன. இருந்தாலும் இங்கே பேச்செல்லாம் கரும்பு விலையைப் பற்றியல்ல, ஓட்டல் ரூம் வாடகையைப் பற்றித்தான்.

அந்த நாட்டுக்குச் சுற்றுலாவை விட்டால் வேறு வெள்ளாமை கிடையாது. அதனால் அந்த அரசாங்கம் எதைத் தொட்டாலும் அது எங்கள் அடுப்படியில் வந்துதான் நிற்கும். வெள்ளைக்காரன் ஊரில் பனி கொட்டினால் இங்கே கறிக்குழம்பு. வெயில் அடித்தால் ரசம். ஒரு தடவை, விருந்தாளி தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் வரியை ஏற்றினார்கள். கூட்டம் குறைந்தது, இவர்களுக்குக் கிடைக்கும் சர்வீஸ் சார்ஜ் குறைந்தது, எதிர்வீட்டு அக்கா கட்டிக்கொண்டிருந்த மாடி லிண்டல் மட்டத்தோடு நின்றுபோனது. இன்னொரு தடவை, ஓட்டல்காரர்கள் வாங்குகிற டாலரையெல்லாம் முதலில் பேங்கில் கொடுத்து உள்ளூர்ப் பணமாக மாற்றிக்கொள்ளவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அன்றைக்கு நாங்கள் நூறுநாள் வேலையில் ஏரி வெட்டிக்கொண்டிருந்தோம்.

"டாலரெல்லாம் புடுங்கிக்கிட்டா ஓட்டல்காரன் சாமானுக்கு எங்கடி போவான்? அரிசிலேர்ந்து முட்ட வரைக்கும் அங்க கப்பல்லதான வருது! இந்த மந்திரிக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்று அக்கா மண் அள்ளும் சட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்.

வேலையை மேற்பார்வை பார்க்கிற பெண் சொன்னாள்: "அக்கா, அந்த மந்திரிய சாயங்காலமா திட்டிக்கலாம். மொதல்ல மண்ண அள்ளுங்க."

போன வருஷம் அங்கே தேர்தல் வந்தது. ஆளுங்கட்சி, இன்னும் நிறையத் தீவுகளைக் குத்தகைக்கு விட்டு ஓட்டல் கட்டுவோம், ஆள் எங்கிருந்து வந்தாலும் வரட்டும் என்றது. எதிர்க்கட்சி, நம் கடல், நம் மணல், நம் பிள்ளைகளுக்கே வேலை, வெளிநாட்டு ஆளுக்கு இனிமேல் பர்மிட் கிடையாது என்றது. நியாயம்தானே? எங்கள் ஊர் வேலைக்கு வெளியூர்க்காரனைக் கூட்டிவந்தால் நாங்கள் மட்டும் சும்மா விடுவோமா? ஆனால் நியாயம் மாடிக்குக் காங்கிரீட் போடாது என்பது அக்காவின் கட்சி. ஐந்து வீடும் ஒரே குரலில் ஆளுங்கட்சிதான்.

எனக்கு மட்டும் எதிர்க்கட்சி ஜெயிக்கவேண்டும் என்றிருந்தது. கொள்கையாவது கத்திரிக்காயாவது, எனக்கு என் வீட்டுக்காரர் வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வருவார். முதல் வாரம் விருந்தாளி. இரண்டாவது வாரம் சொந்தக்காரர் வீடுகள். மூன்றாவது வாரம் சண்டை. சண்டை தீர்ந்து ராசியாகி உட்காரும்போது திருச்சி ஏர்போர்ட்டுக்குப் பெட்டி கட்டிவிடுவார். ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுகிற மனுஷர், சொந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். எனக்கு அழுகை வந்துவிடும். பர்மிட் கிடைக்காவிட்டால் ஒழிந்தது பீடை, வந்துதானே ஆகவேண்டும்? இதை வெளியே சொல்ல முடியுமா? மற்ற நாலு வீட்டுக்காரிகளும் விளக்குமாற்றோடு வந்துவிடுவார்கள்.

தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அக்கா வந்தாள். "மனசு கெடந்து அடிச்சிக்குது. வாடி, பூக்கட்டிப் பாத்துடுவோம்" என்றாள்.

எங்கள் பக்கம் எதற்கும் அம்மனிடம் பூக்கட்டிக் கேட்பதுண்டு. ஓர் இலையில் வெள்ளைப்பூ, ஓர் இலையில் சிவப்புப்பூ, இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்டிக் காலடியில் போட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பது. போர் போட்டால் தண்ணீர் வருமா, பெண்ணை அந்த இடத்தில் கொடுக்கலாமா, எல்லாம் கேட்டாயிற்று. வேற்று நாட்டில் ஆட்சி யாருக்கு என்று கேட்டது நாங்கள்தான் முதலாக இருக்கும்.

பூசாரிக்கே தயக்கம். "அந்த ஊர்ல அம்மனுக்குக் கோயில் இருக்கா?" என்றார்.

"கோயில் இல்லீங்க. நம்ம ஆளுங்க அஞ்சு பேரு இருக்காங்கல்ல?" என்றாள் அக்கா. அவர் ஒத்துக்கொண்டார்.

வெள்ளை வந்தால் ஆளுங்கட்சி, சிவப்பு வந்தால் எதிர்க்கட்சி. பூக்கட்டும் வேலை என் கைக்கு வந்தது. கோயில் கிணற்றோரம் திரும்பி உட்கார்ந்தேன். வெள்ளைக்கு வைத்திருந்த நந்தியாவட்டையை எடுத்த கை அதை மடியில் போட்டுக்கொண்டது. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியையே வைத்துக் கட்டினேன். அம்மன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அங்கே ஓட்டு மாறாமலா போகும் என்று ஒரு கிறுக்கு நம்பிக்கை. அறிவு கெட்ட கழுதை, வேறென்ன சொல்ல!

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு. "அய்யோ, எம்மாடி" என்று உட்கார்ந்துவிட்டாள். பூசாரி சும்மா இருந்திருக்கலாம். மற்றதையும் எடுத்துப் பிரித்தார். அதுவும் சிவப்பு.

பூசாரி குங்குமத்தை நீட்டிக்கொண்டே, "அம்மா ரெண்டு தடவ அழுத்திச் சொல்லிட்டா. ஆட்சி மாத்தம் உறுதி" என்றார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

வரும் வழியில் கேட்டாள்: "கை தவறிப் போச்சா, தெரிஞ்சே பண்ணுனியா?"

"தெரிஞ்சேதான்க்கா. எனக்கு அவரு வேணும்."

"அதுக்கு? கள்ள ஓட்டுப் போடுற எடமாடி அது? ஒன் வூட்டுக்காரரு வந்தா ஒரு ஓட்டல் வச்சிப் பொழைச்சுக்குவாரு. எங்க வூட்டு ஆளு வந்தா? குரோட்டன்ஸ வெட்டிக் கொழம்பு வைக்கச் சொல்றியா?"

நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் முடிவு வந்தது. எதிர்க்கட்சி ஜெயித்துவிட்டது. நான் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற தைரியம் மட்டும் வரவில்லை. ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்துவிட்ட குற்றவுணர்ச்சியில் இரண்டு கிண்ணம் நானே சாப்பிட்டேன்.

ஓட்டுக்கு முன்னால் ஒரு பேச்சு, ஓட்டுக்குப் பின்னால் ஒரு பேச்சு. கடல் தாண்டினாலும் அரசியல் அரசியல்தான். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் புது அரசாங்கத்துக்கு உறைத்தது, சமையல்காரனை அனுப்பினால் விருந்தாளியும் கூடவே கிளம்பிவிடுவான் என்று. ஆகவே ஒரு பட்டியல் போட்டார்கள். தோட்டவேலை, சுத்தம் செய்வது, படகு கழுவுவது எல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கு. அடுப்படி ஆட்கள் விரும்பினால் இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம்.

அக்காவின் வீட்டுக்காரர் இரண்டு பையோடு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். மறுவாரமே சின்ன வெங்காயம் நடுகிற ஆளாக மாறிவிட்டார். மாடி அப்படியே நிற்கிறது. அக்கா நாள் முழுக்க அவரைத் திட்டுகிறாள். ஆனால் பாவி, தினமும் தலையில் மல்லிகை வைத்துக்கொள்கிறாள். சாயங்காலம் இரண்டு பேரும் வண்டியில் ஏறி மார்க்கெட்டுக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

அக்காவின் வீட்டுக்காரர் வந்து இறங்கிய அந்த வாரத்தில்தான் என் வீட்டுக்காரர் போன் செய்தார். குரலில் அப்படியொரு சந்தோஷம். "பர்மிட் குடுத்துட்டாங்கம்மா, ரெண்டு வருஷத்துக்கு! காலையிலதான் கையெழுத்துப் போட்டேன்."

"சந்தோஷம்ங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "போதும், வந்துடுங்க" என்று வந்துவிட்டது. அதற்குமேல் அழுகைதான்.

அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டும் ஓசை கேட்டது.

"ஊருக்கு வந்துடலாமான்னுதான் ராத்திரி பூரா யோசிச்சிக்கிட்டுக் கெடந்தேன்" என்றார். "எப்பக் கேட்டாலும் 'இங்க ஒண்ணும் கொறையில்ல, நீங்க வேலையப் பாருங்க'ம்ப. இந்தப் பதினோரு வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, வாங்கன்னு சொல்லியிருக்கியா நீ?"

இல்லை. அம்மனிடம் கேட்டேன். முன்பின் தெரியாத ஒரு தேசத்துச் சனங்களிடம் கேட்டேன். அவரிடம் கேட்கவில்லை.