பாட்டு இழுத்த அன்று

1991. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் நான் எலக்ட்ரீஷியன். டிவியில் பெண்களின் பனிச்சறுக்கு நடனப் போட்டியைப் பார்த்த எங்கள் மேனேஜர், ஆண்டு விழா நடனப் போட்டிக்கும் அதேபோல இரண்டு மதிப்பெண் என்றார். ஒன்று ஆட்டத்துக்கு, இன்னொன்று பாட்டோடு ஒன்றி ஆடுவதற்கு. ஷிப்ட் முடித்து அசதியோடு நின்ற என்னைப் பிடித்து நடுவராக உட்கார வைத்தார்.

பேக்கிங்கில் வேலை செய்த சுந்தரி நன்றாகத்தான் தொடங்கினாள். பாதியில் மேடை விளக்கு மங்கியது. அவள் ஆட்டமும் தளர்ந்தது. என்னைப் போலவே அசந்துவிட்டாள் என்று நினைத்து, பாட்டுக்கான கட்டத்தில் பத்துக்கு மூன்று போட்டேன். அவளுக்குக் கடைசி இடம்.

மறுநாள் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் அவளிடம் கேட்டேன். "இன்னாம்மா, பாதியிலயே சோர்ந்துட்ட?"

"நானா சோர்ந்தேன்? லோ வோல்டேஜுல டேப்பு இழுத்துச்சுண்ணே. பாட்டு எப்படிப் போச்சோ, நானும் அப்படியே இழுத்துகினு ஆடுனேன். நீங்க பாட்டக் கேக்கலியா?"

கம்பெனியில் விளக்கு மங்கினால் முதலில் ஓடுகிறவன் நான். அன்று அது மங்கியதைப் பார்த்துக்கொண்டேதான் அந்த மூன்றை எழுதினேன்.

அதன் பிறகு, அசதியாக இருக்கும்போது யாரையும் எடை போடுவதில்லை என்று முடிவு செய்தேன். அசதி இல்லாத நாள்தான் இன்னும் வரவில்லை.