கச்சான் அடிக்கும் பக்கம்

எட்டு மணி ஷிப்டுக்கு மணி அடிப்பதற்குள், கெமிக்கல் குடோனின் சன்னல் கம்பியில் ஒரு முழம் பனியன் வேஸ்ட் துணியைக் கட்டிவிடுகிறார் ஜெபக்குமார். இரண்டடி பின்னால் நகர்ந்து, அது எந்தப் பக்கம் பறக்கிறதென்று பார்க்கிறார். அதன் பிறகுதான் பூட்டில் சாவியைப் போடுவார். வீரபாண்டியில் இந்தச் சாயப்பட்டறைக்கு வந்த இரண்டு வருடங்களில் ஒரு நாளும் தவறியதில்லை.

"ஏனுங் கச்சாண்ணா, இன்னைக்கு மீன் சிக்குமுங்களா?" என்பாள் சாயம் சோதிக்கும் லேபில் வேலை செய்யும் மோனிஷா. பட்டறையில் அவருக்கு அதுதான் பட்டப்பெயர்.

"கேலி இருக்கட்டும் தாயி. புகை கெளம்புனா எந்தப் பக்கம் ஓடணும்?"

"காத்து மூஞ்சில அடிக்கிற பக்கமுங்க. நூறு தடவ சொல்லியாச்சு."

"நூத்தியொண்ணு."

ஒடிசாக்காரர்களிடம் அதையே அரைகுறை இந்தியில் கேட்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே முகத்தைத் தொட்டுக் காட்டுவார்கள்.

ஐம்பத்திரண்டு வயது. பாம்பனில் வள்ளம் ஓட்டிய உடம்பு; சிமெண்டுத் தரையிலும் கால்களை அகட்டியே நிற்பார். ஹைட்ரோஸ் டிரம்களைத் தரையில் வைக்க விடமாட்டார், பலகை மேல்தான் வைக்க வேண்டும். வேர்த்த கையை மூன்று முறை துடைத்துவிட்டுத்தான் மூடியைத் தொடுவார். சாயத்தைக் கழற்றும் அந்த வெள்ளைத் தூளில் துளி ஈரம் பட்டாலும் சூடேறிப் புகையும். அந்தப் புகை நெஞ்சை அடைத்துவிடும்.

முன்பு வேலை பார்த்த பட்டறையில், ஓர் ஆடி மாதம், அப்படித்தான் ஒரு டிரம் புகைந்தது. யாரோ பதறிப்போய் ஒரு மக் தண்ணீரை ஊற்ற, புகை பொங்கியது. "கச்சானுக்கு ஓடுங்கப்பா, கச்சானுக்கு!" என்று ஜெபக்குமார் கத்தினார். அவர் ஊரில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு அதுதான் பெயர். கூட வேலை பார்த்த ஆண்டிபட்டிக்காரர் காசிமாயனுக்கு அது ஏதோ ஆளின் பெயராகக் கேட்டது. ஓடிக்கொண்டிருந்தவர் நின்று திரும்பினார். "யாருண்ணே கச்சான்?"

அதற்குள் புகை அவரை மூடிவிட்டது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் காசிமாயன் போய்ச் சேர்ந்தார். "என் வாய்ல வந்த வார்த்தைதாம்மா அவன நிக்க வச்சிருச்சு" என்று மோனிஷாவிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். பட்டப்பெயரை மட்டும் அவர் ஒருநாளும் தடுத்ததில்லை.

போன வாரம் குடோன் சுவரில் அவசரகாலத் திட்டம் என்று ஒரு போர்டு மாட்டினார்கள். அதன் பச்சை அம்பு, கிழக்கே இருக்கும் வேப்பமரத்தடியில் கூடச் சொன்னது. இப்போது அடிப்பதும் மேற்கிலிருந்து வரும் ஆடிக்காற்று.

"மேக்கால இருக்க பின்கேட்டையும் வரையச் சொல்லுங்க மொதலாளி. புகை அந்த மரத்துக்குத்தான் போகும்."

முதலாளி மகுடேஸ்வரன் குரல் உயர்த்தாதவர். "அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க. செவ்வாக்கெழம பயர் சர்வீஸ் ஆளுங்க ஒத்திகை பாக்க வர்றாங்க. போர்டுல இருக்கறபடி நின்னாப் போதும். அந்த அழுக்குத் துணியையும் அவுத்துருங்க, பாக்க நல்லாவா இருக்குது?" கொஞ்சம் நிறுத்தி, அதே மரியாதையோடு சொன்னார்: "ஒத்துவரலைன்னா வேற பட்டறை பாத்துக்கலாமுங்க."

ஜெபக்குமார் துணியை அவிழ்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகைச் சங்கு ஊதியது. எழுபது பேரும் வேப்பமரத்தடிக்குப் போய் வரிசையில் நின்றார்கள். வந்திருந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். ஜெபக்குமார் மட்டும் பின்கேட்டில் நின்றிருந்தார்.

"ஜெபா, இங்க வாங்க!" முதன்முறையாக முதலாளியின் குரல் உயர்ந்தது.

அவர் நகரவில்லை. கால்களை அகட்டிக்கொண்டு, பையிலிருந்த துணியை எடுத்தார். ஒரு முனையைப் பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்தினார். குடோனுக்கு அந்தப் பக்கம் நின்ற எழுபது பேரையும் நேராகக் காட்டி அது படபடத்தது.